மாகாணம் முழுவதற்கும் ஓர் இடி

‘மேல், சப்ரகமுவ, வடமேல் மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.’ இந்த வசனத்தை ஒற்றைப் பத்திச் செய்தியாக எத்தனையோ முறை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். வடமேல் மாகாணம் என்பது குருநாகலும் புத்தளமும் சேர்ந்து ஏறத்தாழ 7,900 சதுர கிலோமீற்றர். ஓர் இடிமுகிலின் அகலமோ சில கிலோமீற்றர்தான். ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணித்தியாலமே.

முந்தல், உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவருக்கு இந்த அறிவித்தலால் என்ன பயன்? வலையை இழுத்து முடிக்கச் சில மணிநேரமாகும். வெட்டவெளி மணலில், நனைந்த கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக நிற்கிறார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இதைக் கேட்டு வீட்டில் இருப்பதென்றால் பாதி நாளும் அடுப்பு எரியாது. அவர்களுக்கு வேண்டியது, “இன்னும் இருபது நிமிடத்தில், இந்தக் கரையில்” என்ற ஒரு சொல்.

அதைச் சொல்லக் கணினியைப் பழக்க முடியும் என்கிறார்கள். கூகிளின் டீப்மைன்ட் நிறுவனம் பிரித்தானிய வளிமண்டலவியல் அலுவலகத்துடன் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட முறை, ராடார் படங்களைப் பார்த்தே அடுத்த 90 நிமிட மழையைக் கணிக்கிறது. ஆனால் நமக்கு ராடார் வேண்டுமே! கொங்கலை மலையில் அமைக்க எடுத்த முயற்சி கைகூடவில்லை. புத்தளத்திலும் பொத்துவிலிலும் யப்பானிய உதவியுடன் அமைப்பதற்கு 2017 இல் உடன்பாடாகியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் நாட்டில் இயங்கும் டொப்ளர் ராடார் ஒன்று இருக்கவில்லை.

ஆகவே என்னை ஈர்த்தது வேறோர் ஆய்வு. சுவிற்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2019 இல் வெளியிட்டது. காற்றமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம் என்ற நான்கே அளவுகள். பன்னிரண்டு நிலையங்களின் பத்தாண்டுத் தரவுகளைக் கொண்டு பழக்கிய கணினி, 30 கிலோமீற்றர் சுற்றளவில் மின்னல் விழுமா என்பதைப் பத்து முதல் முப்பது நிமிடம் முன்னதாகச் சொல்கிறது. ஏறத்தாழ 80 சதவீதம் சரி. இடியின் உக்கிரத்தை அது சொல்லாது. வருமா, வராதா என்பதை மட்டுமே சொல்லும். எங்களுக்கு அதுவே பெரிது.

அல்ப்ஸ் மலைக் கணக்கை அப்படியே களப்புக் கரைக்குக் கொண்டுவர இயலாது. இங்குள்ள காற்றையும் இங்கு விழுந்த மின்னலையும் காட்டியே பழக்கவேண்டும். அதற்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவுகள் போதா. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டும். மின்னல் விழுந்த இடத்தைப் பதியும் கருவிகளும் வேண்டும். ராடாரோடு ஒப்பிட்டால் இவை சிறு செலவு. ராடார் வரும்வரை இதையும் தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று பதியத் தொடங்கினால்தானே சில ஆண்டுகள் கழித்தாவது பழக்க ஏதாவது இருக்கும்?

பொய் எச்சரிக்கைகளும் வரும். இருமுறை வீணாக வலையை விட்டவர் மூன்றாம் முறை விடுவாரா என்பதைக் கருவி வாங்கும் முன்னரே அவர்களிடம் கேட்கவேண்டும்.

இன்னொன்று: பத்து நிமிட எச்சரிக்கையைக் கொழும்பில் இருந்து மொழிபெயர்த்து அனுப்ப நேரமில்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஒரே கணத்தில் வரவேண்டும். கயிறு இழுப்பவர் கையில் தொலைபேசியும் இராது. இந்தக் கரையில் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது.