நூறு ஒலி வேண்டாம், மூன்று பெடல் போதும்

நகரங்களிலுள்ள தனியார் பள்ளிகள், மிஷன் பள்ளிகள் பலவற்றில் இசை அறையின் முகம் மாறிவிட்டது. ஆர்மோனியத்துக்கும் சுருதிப்பெட்டிக்கும் பக்கத்தில் கீபோர்டு, டிரம்ஸ், ஒன்றிரண்டு எலெக்ட்ரிக் கிட்டார் என்று சேர்ந்துவிட்டன. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வுகளுக்குப் பிள்ளைகள் தயாராகிறார்கள். ஆண்டு விழாவில் பள்ளியின் சொந்த இசைக்குழு மேடையேறுகிறது. கிட்டார் வந்த கொஞ்ச காலத்திலேயே ‘எஃபெக்ட்ஸ் பெடல் வேண்டும்’ என்ற கோரிக்கையும் வந்துவிடும். கிட்டாருக்கும் ‘ஆம்ப்’ எனப்படும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் கிடக்கும், காலால் மிதித்து இயக்கும் அந்தச் சிறு பெட்டிதான் ஒலியைக் கரகரப்பாக்கும், எதிரொலிக்க வைக்கும், அலையாட வைக்கும். நிர்வாகம் இரண்டு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கும். நூறு ஒலிகள் அடங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் கருவி ஒன்று, இரண்டு நல்ல பெடல்களின் விலைக்கே கிடைக்கிறது என்பதைப் பார்த்து அதற்கே கையெழுத்துப் போடும். விலையை ஒலிகளின் எண்ணிக்கையால் வகுக்கும் இந்தக் கணக்கு பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாது என்பது என் வாதம். ஒரு குமிழைத் திருப்பினால் என்ன மாறியது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் காதாலேயே தெரிகிறதா என்பதைத்தான் பள்ளி முதலில் கேட்க வேண்டும்.

பெடலின் வரலாறே இந்தக் கேள்விக்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றைப் பதிவு செய்தபோது, மிக்ஸரின் ஒரு பகுதி பழுதாகி, கிராடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டாரின் ஒலி கிழிந்து கேட்டது. அந்தக் கிழிசலை நீக்காமலேயே 1961-ல் பாடலை வெளியிட்டார்கள். அது பெரும் வெற்றி பெற்றது. அந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, பழுது செய்த வேலையை வேண்டும்போது செய்கிற ஒரு சுற்றை வடிவமைத்தார். கிப்ஸன் நிறுவனம் அதை 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தவை இரண்டே குமிழ்கள். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலின் தொடக்கத்தில் உலகம் முழுக்கக் கேட்டது அந்தப் பெட்டியின் ஒலிதான். 1978-ல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் கொண்டுவந்து, இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிற டிஎஸ்-1 பெடலில் மூன்று குமிழ்கள் உள்ளன: ஒலியின் நிறத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று. மூன்றையும் நடுவில் நிறுத்தி, ஒரே நரம்பை மீட்டிக்கொண்டே மூன்றாவது குமிழை மட்டும் மெல்ல வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். முதலில் ஒலி தடிக்கும். பிறகு ஓரங்கள் சிராய்க்கும். கடைசியில் மீட்டிய நொடியும் அடங்கும் நொடியும் ஏறக்குறைய ஒரே வலுவில் நிற்கும். உள்ளே நடப்பது பிளஸ் டூ இயற்பியல் பாடம்தான். கிட்டாரின் சிறு மின் அலை பெருக்கப்படுகிறது. ஒரு மட்டத்தைத் தாண்டும் பகுதியை டயோடுகள் வெட்டிவிடுகின்றன. தலை வெட்டுப்பட்ட அலையில் முன்பு கேட்காத மேல் சுருதிகள் முளைக்கின்றன. டயோடு என்பதைத் தேர்வுக்கு மட்டும் படித்து மறந்துபோகும் மாணவருக்கு அது செய்யும் வேலையைக் காதில் போட்டுக் காட்ட இவ்வளவு மலிவான கருவி இன்னொன்று இல்லை.

இதே பெடலை வைத்து இசைப் பாடத்துக்குள்ளும் போகலாம். சுத்தமான ஒலியில் ச-க-ப மூன்றையும் சேர்த்து மீட்டினால் இனிமையாக இருக்கும். கரகரப்பைக் கூட்டிவிட்டு அதையே மீட்டினால் சேறு கலக்கியதுபோல் ஆகிவிடும். காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப மட்டும் மீட்டுங்கள், பாறைபோல் நிற்கும். ராக் இசையில் ‘பவர் கார்டு’ எனப்படுவது இதுதான். காரணம் ஒலியியலில் இருக்கிறது. கிட்டாரின் கட்டைகள் பதிக்கப்பட்டுள்ள முறையில் பஞ்சமம் தன் இயற்கையான இடத்திலிருந்து 2 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் நுண்ணலகு) மட்டுமே விலகியிருக்கிறது. அந்தர காந்தாரமோ ஏறத்தாழ 14 சென்ட் ஏறி நிற்கிறது. கரகரப்புச் சுற்று சுரங்களைத் தனித்தனியே விடாமல் ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் வித்தியாசத்தையும் புதிய ஒலிகளாக வெளியே தள்ளுவதால் அந்தச் சிறு விலகல் பெரிதாகிவிடுகிறது. கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைக்குச் சுருதி சுத்தம் என்றால் என்ன என்பதை, அது கெடும் இடத்தைக் கேட்க வைத்தே புரியவைக்கலாம். கரகரப்பு கொஞ்சமாக இருந்தால் சுரம் நீண்டு ஒலிக்கும் என்பதால், ஒரே மீட்டலில் கமகத்தை இழுத்துப் பார்க்கவும் அது உதவும். மேற்கத்திய இசைக்கு மட்டுமான செலவு இது என்று சங்கீத ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது பெடலாக டிலே வாங்க வேண்டும். மீட்டியதைக் குறித்த நேரம் கழித்து அது திருப்பிச் சொல்லும். நிமிடத்துக்கு 120 அடி என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அடி 500 மில்லி விநாடி; 60,000-ஐ 120-ஆல் வகுத்தால் கிடைக்கும் விடை. அதில் முக்கால் பங்கான 375-ல் எதிரொலியை வைத்து, அடிக்கு இரண்டு மீட்டலாக வாசித்தால், எதிரொலிகள் இடைவெளிகளில் போய் விழுந்து அடிக்கு நான்காகக் கேட்கும். யு2 குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ் தன் பெயரை நிலைநாட்டியதே இந்த உத்தியால்தான். சதுஸ்ர நடையில் மூன்று மாத்திரை தள்ளி விழும் பதில் என்று மிருதங்கம் பயிலும் மாணவர் இதை உடனே பிடித்துக்கொள்வார். மூன்றாவது பெடல் லூப்பர். வகுப்பறைக்கு இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன். காலால் ஒருமுறை மிதித்தால் பதிவு தொடங்கும். மறுமுறை மிதித்தால் பதிவானது சுற்றிச் சுற்றி ஒலிக்கும். ஒரு மாணவி நான்கு கார்டுகளை வாசித்துப் பதிய, மற்ற எல்லோரும் அதன்மேல் முறைவைத்து வாசிக்கலாம். டிசி எலெக்ட்ரானிக் நிறுவனத்தின் டிட்டோவில் ஒரு குமிழும் ஒரு மிதிகட்டையும் தவிர வேறெதுவும் இல்லை. அரை மாத்திரை தாமதமாக மிதித்துவிட்டால் அந்தத் தாமதம் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டிக்கொண்டே வரும். ஆசிரியர் ‘தாளம் தப்பியது’ என்று சொல்லவே வேண்டாம். குற்றம் சொல்ல ஆளில்லாமல் பிழை தானே தெரியவருவதால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளும் திரும்பத் திரும்ப முயல்வார்கள்.

மல்டி எஃபெக்ட்ஸ் கருவிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜூம் ஜி1 ஃபோர் போன்ற ஒரு கருவியிலேயே டியூனர், லூப்பர், தாளப்பெட்டி எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவில்லாமல் பழகலாம். அதைவிட வலுவான ஒரு காரணமும் உண்டு. நம் பள்ளிகள் பலவற்றில் கிட்டாருக்கென்று ஆம்ப் இல்லை. மைக்செட்காரரின் மிக்ஸரில்தான் கிட்டாரைச் செருகுகிறார்கள். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலிகளைப் பெரும்பாலும் அடக்கிவிடும். மைக்செட்டின் பெட்டிகள் அப்படி அடக்குவதில்லை. ஆகவே டிஎஸ்-1 பெடலை நேரே மிக்ஸரில் செருகினால் தேனீக்கூட்டம் தகரத்தில் மோதுவதுபோல இரைச்சல் கிளம்பும். மல்டி எஃபெக்ட்ஸ் கருவியோ ஸ்பீக்கரின் குணத்தையும் உள்ளேயே போலி செய்துகொடுப்பதால் மேடையில் கைகொடுக்கும். இதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: இது மேடையின் தேவை, அதுவும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாளின் தேவை. வகுப்பறையில் அதே கருவி என்ன செய்கிறது என்று பாருங்கள். சின்னத் திரையில் பட்டியல், பட்டியலுக்குள் பட்டியல். முந்தைய வகுப்பு மாணவர் மாற்றிச் சேமித்துவிட்டுப் போன அமைப்பு. பாட வேளையில் பாதி, பிடித்த ஒலியைத் தேடுவதிலேயே கரைந்துவிடும். 47-ஆம் எண் ஒலி நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அது ஏன் நன்றாக இருக்கிறது என்பது தெரியாமலேயே போய்விடுகிறது. பணம் இருக்கும் பள்ளி மேடைக்கென்று ஒன்று வாங்கி வைக்கட்டும். முதலில் வாங்க வேண்டியது ஒரு சிறிய ஆம்ப், அடுத்தது மூன்று பெடல், மல்டி எஃபெக்ட்ஸ் அதற்குப் பிறகு.

கைபேசியிலும் கணினியிலும் இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. வீட்டில் பழக அவை நல்ல வசதிதான். ஆனால் பல பள்ளிகள் வகுப்பறைக்குள் கைபேசியை அனுமதிப்பதில்லை. கிட்டாரைக் கணினியில் இணைக்கத் தனியாக ஒரு கருவியும் வேண்டும். கூடவே, வாசித்துக்கொண்டே பாடலின் சரியான இடத்தில் காலால் மிதித்து ஒலியை மாற்றும் பழக்கம் திரையைத் தொட்டு வருவதில்லை.

எந்த நிறுவனத்தின் பெடல் என்பதில் பெரிய வீம்பு வேண்டியதில்லை. பாஸ் பெடலின் கூடு உலோக வார்ப்பு. மிதிக்கும் இடம் அகலமானது. பள்ளிக் காலணிகளுக்குத் தாங்கும். பெஹ்ரிங்கரின் மலிவுப் பெடல்கள் அதில் ஏறக்குறைய பாதி விலைக்கே கிடைத்தாலும் பலவற்றின் கூடு பிளாஸ்டிக். ஒலியில் குறை சொல்ல அதிகமில்லை; பத்துப் பேர் மாறி மாறி மிதிக்கும் அறையில் அவை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே என் தயக்கம். மூவர், டானர் போன்ற சீன நிறுவனங்களின் தீப்பெட்டி அளவு பெடல்கள் உலோகக் கூட்டில் மலிவாக வருகின்றன. சிறிதாக இருப்பதால் ஒன்றை மிதிக்கப்போய்ப் பக்கத்துக் குமிழையும் சேர்த்து மிதித்துவிட வாய்ப்புண்டு. இடைவெளிவிட்டு ஒரு பிளைவுட் பலகையில் பதித்துவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். கரகரப்புப் பெடலைப் பழையதாக வாங்குவதிலும் தவறில்லை. இவற்றின் உள்ளே இருப்பவை எளிய பாகங்கள். ஆடியோ பழுது பார்க்கும் கடைக்காரரே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்.

விலைப்பட்டியலில் யாரும் பார்க்காத இடம் மின்சாரம். பள்ளிப் பெடல்கள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் கணிப்பு. வழக்கமான பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். அதே அறையில் கிடக்கும் யமஹா கீபோர்டின் அடாப்டர் 12 வோல்ட், நடுமுனை நேர்மின். முனை மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். தவறிச் செருகினால் பெடல் புகைந்தே போகலாம். பெடலுக்கான அடாப்டரில் சிவப்பு டேப் ஒட்டி வைப்பது பத்து ரூபாய்ச் செலவு. பேட்டரியில் ஓட்டுவதானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பேட்டரி போடும் பெடல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது, கிட்டார் கேபிளை உள்ளே செருகினாலே மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். விளக்கு அணைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை கேபிளை உருவாமல் போனால் டிலே பெடலின் பேட்டரி திங்கட்கிழமை செத்துக் கிடக்கும். ஆகவே, பெடலுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை நல்ல பவர் சப்ளைக்கும் கேபிள்களுக்கும் எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியில் பெடல் தேட வேண்டும்.

இசை ஆசிரியருக்கே ஒழுங்காகச் சம்பளம் இல்லாத நாட்டில் பெடலைப் பற்றிப் பேசுவது நியாயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு 2012-ல் இசை, ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக நியமித்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். ஆசிரியர் இல்லாத அறையில் எந்தக் கருவியும் வீண். ஆசிரியரா, பெடலா என்ற நிலை வந்தால் ஆசிரியரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நரம்பு மாற்றப் பணமில்லாத பள்ளி பெடலை நினைக்கவே வேண்டாம். ‘இளைய நிலா’ பாடலின் கிட்டாரை வாசிக்க ஒரு பெடலும் தேவையில்லை. தேர்ந்த விரல்கள் போதும். நான் பேசுவது, ஏற்கெனவே ஆசிரியரும் கிட்டாரும் இருந்து, ஒரு தொகையை எப்படியும் செலவிடப்போகும் பள்ளிகளைப் பற்றி. அங்கே தொகை சிறியதாக இருப்பதே, அது எதற்குப் போகிறது என்பதை யோசிக்கக் காரணம்.

அந்த யோசனையில் ஆசிரியருக்கு இடம் வேண்டும். கொட்டேஷனை ஒப்பிடும் அலுவலக ஊழியர் ஒலிகளின் எண்ணிக்கையைத்தான் ஒப்பிட முடியும். கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து முடிவுசெய்யும் பொறுப்பை இசை ஆசிரியரிடம் எழுத்துபூர்வமாகவே கொடுத்துவிட வேண்டும். வாங்கிய பிறகு வரும் தடை இன்னும் பெரியது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள் உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பெடல்களைப் பீரோவில் பூட்டி, விழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். மூன்று ஆண்டு தினமும் மிதிபட்டுத் தேய்ந்த பெடலைப் பயன்பாட்டில் தேய்ந்தது என்று எழுதிக் கணக்கிலிருந்து கழிக்கத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். நிர்வாகக் குழு அதை வாங்கும் தீர்மானத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அப்படிக் கழித்த பெடலைக் குப்பையில் போடாமல் இயற்பியல் ஆய்வகத்துக்கு அனுப்பினால், பிளஸ் டூ பிள்ளைகள் அதைத் திறந்து, மீட்டரை வைத்து, அந்த டயோடுகள் எங்கே இருக்கின்றன என்று தேடட்டும்.