கடற்கரைக்கு எத்தனை கிலோமீட்டர்?

தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் ஒன்றிய அரசின் பழைய கணக்கில் 906.9 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் வெளியான உள்துறை அமைச்சக அறிக்கையில் அதுவே 1,068.69 ஆகிவிட்டது. கடல் உள்ளே வந்துவிட்டதா, பழைய கணக்கு பொய்யா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. முன்பு 45 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய வரைபடத்தில் அளந்தார்கள். இப்போது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. அன்று நேர்கோடாகத் தெரிந்த கரை இன்று நெளிந்து தெரிகிறது.

கோடியக்கரையில் நின்று பார்த்தால் இது விளங்கும். தெற்கே இறங்கி வரும் கரை இங்கே மேற்கே திரும்புகிறது. சின்ன வரைபடத்தில் அது ஒரு முனை, அவ்வளவுதான். ஆனால் முனையைத் தாண்டி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை சேறும் உவர்நீரும். ஓதம் ஏறும் ஓடையிலிருந்து ஒரு சின்ன ஓடை பிரியும். அதிலிருந்து ஒருவர் தாண்டிவிடக்கூடிய இன்னொன்று. குனிந்தால் சேற்றில் விரல் அகலத்தில் மேலும் பல. இதில் எதுவரை கரை என்று அளப்பது?

ரிச்சர்ட்சன் என்ற அறிவியலாளர் முன்பே கவனித்த இந்தச் சிக்கலைத்தான் 1967-இல் கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிராட் பிரிட்டன் கடற்கரையை முன்வைத்து எழுதினார். உற்றுப் பார்க்கப் பார்க்க நெளிவு கூடும் இத்தகைய வடிவங்களுக்கு 1975-இல் ஃபிராக்டல் என்று பெயரும் வைத்தார்.

கணக்கில் இதை நாமே செய்து பார்க்கலாம். 9 சென்டிமீட்டர் கோடு ஒன்று போடுங்கள். நடுவில் 3 சென்டிமீட்டரை அழித்து, அங்கே அதே நீளத்தில் இரண்டு கோடுகளைக் கூரைபோலச் சாய்த்து நிறுத்துங்கள். இப்போது நான்கு கோடுகள், மொத்தம் 12 சென்டிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் அதையே திரும்பச் செய்தால் 16. பத்தாவது சுற்றில் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும்; கோடோ அதே தாளுக்குள்தான் இருக்கும். 1904-இல் ஹெல்கே ஃபான் கோக் தந்த விதி இது.

மாண்டல்பிராட்டின் புகழ்பெற்ற உருவத்துக்கும் விதி சின்னதுதான்: ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கு, ஒரு நிலையான எண்ணைக் கூட்டு, வந்த விடையை மறுபடி உள்ளே போடு. அந்த உருவத்தின் விளிம்பை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் புதுப்புதுச் சுருள்கள் வந்துகொண்டே இருக்கும். இவ்வளவு சிறிய விதிக்குள் இவ்வளவு அழகா என்று ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு வேறுபாடு முக்கியம். கணக்கின் வடிவத்துக்கு முடிவில்லை. சேற்றோடையின் கிளைகள் மணல் துகளோடு நின்றுவிடும். அதனால் கரையை அளக்கவே முடியாது என்பதல்ல பொருள். எந்த அளவில் அளந்தோம் என்பதையும் நீளத்தோடு சேர்த்து அரசு அச்சிட வேண்டும், பாடநூலிலும் அப்படியே.