பட்டயமா, கடிவாளமா?

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் தோழர்கள், அந்த வட்டாரத்திலுள்ள தளவானூருக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில். குடைவித்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்; 1,400 ஆண்டுகளுக்கு முன்பு அரசோச்சியவன். 'சத்ருமல்லன்' எனும் தன் பட்டப் பெயரையே கோயிலுக்கும் சூட்டினான்.

அந்த மன்னன் எழுத்தாணி பிடித்தவனும்கூட! 'மத்தவிலாசம்' என்றோர் அங்கத நாடகம் எழுதினான். குடிபோதையில் தள்ளாடும் காபாலிகன், பௌத்தத் துறவி, பாசுபதன் என ஒருவரையும் விடாது நையாண்டி செய்தான். கேலி செய்ததால் கோயில் இடிந்தா விழுந்தது? இன்றும் நிற்கிறது!

மன்னன் எழுதினான், பிழைத்தான். குடிமகன் எழுதினால்?

2015 ஆகஸ்டு 30. தார்வாடு நகரில், கன்னடப் பேரறிஞர் எம்.எம். கல்புர்கி தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 76. துணைவேந்தராக இருந்தவர், 2006-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். அவருக்கு முன்னரே 2013-ல் புனேயில் தபோல்கர், 2015 பிப்ரவரியில் பன்சாரே எனக் குண்டுக்கு இரையானோர் உண்டு.

விருது கொடுத்த அகாதமி என்ன செய்தது? அதன் செயற்குழு கூடிக் கண்டனத் தீர்மானம் போட்டது அக்டோபர் 23-ல். கொலை நடந்து 54 நாள் கழித்து! அதுவும் தானாக வந்த ரோஷமல்ல. செப்டம்பரில் இந்தி எழுத்தாளர் உதய் பிரகாஷ் தம் விருதைத் திருப்பினார். அக்டோபரில் நயன்தாரா சேகல், அசோக் வாஜ்பேயி, சாரா ஜோசப் என ஏறத்தாழ 40 பேர் தொடர்ந்தனர். செயற்குழு கூடிய அன்று, தில்லித் தெருவிலே எழுத்தாளர்கள் வாயில் கறுப்புத் துணி கட்டி ஊர்வலம் வந்தனர். அதன் பிறகே அகாதமி வாய் திறந்தது.

"உற்பத்தி செய்யப்பட்ட கிளர்ச்சி" என்றார் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி. நெருக்கடி நிலையின்போது இவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டோரும் உண்டு. எவரைக் கேட்கிறார்கள்? நேருவின் மருமகளான நயன்தாராவுக்கு 1986-ல் விருது வாங்கித் தந்த நாவலே நெருக்கடி நிலையின் கொடுமையைச் சித்தரித்ததுதானே!

வடக்கேதான் இந்தக் கேடு என்று நாம் மார்தட்ட முடியாது, தோழர்களே! அதே 2015 ஜனவரியில், நமது நாமக்கல்லில், 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகனை அதிகாரிகள் முன்னிலையில் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திடச் செய்தார்கள். தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர்நீதிமன்றம், அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகே நம் தலை நிமிர்ந்தது.

"எழுத்தாளர் சண்டை நமக்கென்ன? ஆலைச் சங்கு ஊதினால் நாம் போயாக வேண்டும்" என்பீர்கள். அடுத்த செய்தியைக் கேளுங்கள். 2023 ஜூலையில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று பரிந்துரை செய்தது: இனி விருது பெறுவோர், அரசியல் காரணம் காட்டி அதைத் திருப்பித் தரமாட்டோம் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம்!

இந்த வாசகம் நமக்குப் புதிதா? வேலைக்குச் சேரும்போதே, "சங்கத்தில் சேரமாட்டேன், வேலைநிறுத்தம் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கும் முதலாளித் தந்திரந்தானே! தொழிலாளியின் படை, வேலையை நிறுத்தும் கை. எழுத்தாளனின் படை, பட்டயத்தைத் திருப்பித் தரும் கை. ஒரு கையைக் கட்டிப் பழகியவர்கள் மற்றதை விட்டுவைப்பார்களா?

விருதைத் திருப்பியதால் துப்பாக்கி ஓய்ந்துவிடவில்லை. 2017 செப்டம்பர் 5-ல் பெங்களூரில் கௌரி லங்கேஷ் வீழ்த்தப்பட்டார். உண்மை. ஜாலியன்வாலா படுகொலையைக் கண்டித்து 1919-ல் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தபோதும் வெள்ளையன் மறுநாளே கப்பலேறவில்லை. ஆனால் பட்டத்தால் அவர் வாயை அடைக்க முடியாதென்பதை உலகம் கண்டது.

பரிசு பாராட்டுக்குத் தரப்படுவது. வாய்ப்பூட்டுக்கு விலையாக அல்ல. திருப்பித் தரும் உரிமை இல்லாத பட்டயம், கழுத்திலே மாட்டிய கடிவாளம். தளவானூர்ப் பாறையைக் குடைவித்த மன்னனுக்கு இருந்த உரிமை, பாறை உடைக்கும் தொழிலாளியின் மகனுக்கும் வேண்டும்!