காய்ச்சலும் பாய்ச்சலும் வீட்டுத்தோட்டத்துக்கும்தான்

புதுசா வீட்டுத்தோட்டம் போடுறவங்க என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?" என்றுதான். விதை, எரு எல்லாம் அப்புறம்தான். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை" என்று பதில் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், புதுத் தோட்டங்கள் பாதியில் நின்று போவதற்கு இந்தப் பதிலும் ஒரு காரணம்.

நம் நெல் விவசாயிகளிடம் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று ஒரு வழக்கு உண்டு. பாய்ச்சிய தண்ணீர் வற்றி, மண் லேசாகக் காய்ந்த பிறகு மறுபடி பாய்ச்சுவது. தண்ணீரில் நிற்கிற நெல்லுக்கே இது நல்லதென்றால், கத்தரிக்கும் மிளகாய்க்கும் சொல்லவா வேண்டும்? வேர் தண்ணீரும் குடிக்கணும், மூச்சும் விடணும். மண் துகள்களுக்கு நடுவே ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கிற நிலையைத்தான் சுபாஷ் பாலேக்கர் 'வாப்சா' என்கிறார். எந்நேரமும் சொதசொதன்னு இருக்கிற மண்ணில் காற்றுக்கு இடம் ஏது? வேர் அழுகும், இலை வாடும். வாடினதைப் பார்த்ததும் இன்னும் ஒரு வாளி ஊத்துவாங்க. செடி போய்ச் சேர்ந்துவிடும். பிறகு "எனக்குக் கைராசி இல்லைங்க" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி மருந்தடிச்ச காயை வாங்கப் போயிடுவாங்க. இந்த இழப்புதான் எனக்கு வருத்தம்.

தண்ணி வேணுமா வேண்டாமா என்பதை விரலைக் கேளுங்க. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்க. குளுமையாக, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கு வேண்டாம். பொடியாக உதிர்ந்தால் ஊத்தலாம். உச்சி வெயிலில் பூசணி இலையும் கத்தரி இலையும் துவளுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். சாயங்காலம் தானே நிமிர்ந்தால் மண்ணில் ஈரம் இருக்குன்னு அர்த்தம். காலையிலேயே துவண்டிருந்தால்தான் விரலை விட்டுப் பார்க்கணும்.

ஊத்தும்போது நிறைவாக ஊத்துங்க. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 10 லிட்டர் ஊத்தினால் 1 சென்டிமீட்டர் மழை பெய்ததற்குச் சமம். அது கீழே இறங்கும், வேரும் அதைத் தேடி இறங்கும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல் மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் ஊருக்குப் போனால் செடி தாங்காது. செடியின் தண்டை ஒட்டி ஊத்தாமல், இலை நிழல் விழுகிற ஓரத்தில் ஊத்துங்க. தண்ணி உறிஞ்சுகிற இளம் வேர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம். முளைக்கிற விதைக்கும் இளம் நாற்றுக்கும் மட்டும் பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தெளிக்கணும். மாடியில் பையில் வளர்க்கிறவர்களுக்குக் கோடையில் தினமும் தேவைப்படலாம். அங்கேயும் விரல்தான் கணக்கு. பையின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கணும்.

காயப் போடணும்னு சொன்னதும் ஒரு வாரம் மறந்துவிட்டு, பிறகு வெள்ளமாகப் பாய்ச்சுகிறவர்களும் உண்டு. தக்காளி வெடிப்பதும், காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், ஈரம் சீராக இல்லாவிட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது.

ஈரத்தைச் சீராக வைக்க மூடாக்கைவிடச் சிறந்த கருவி இல்லை. காய்ந்த இலை, வைக்கோல், கரும்புத் தோகை, களையெடுத்த புல் எதுவானாலும் நான்கு விரல் கனத்துக்குப் போடுங்க. தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்க. வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் நிற்கும், மண்புழு மேலே வரும். தானியங்கிக் குழாயும் நேரம் வைக்கிற கருவியும் வாங்கச் சொல்லிப் புதியவர்களிடம் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறார்கள். நேற்று மழை பெய்தது அந்தக் கருவிக்குத் தெரியுமா? சொட்டுநீரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்ணைப் படிக்கக் கற்ற பிறகு போடுங்க என்கிறேன்.

ஆழ்துளைக் கிணறு வருஷத்துக்கு வருஷம் கீழே போய்க்கொண்டிருக்கிற ஊர்களில்தான் நம்மில் பலர் தோட்டம் போடுகிறோம். செடிக்குத் தேவையில்லாமல் ஊத்துகிற ஒவ்வொரு குடமும் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரும்தான். நாளைக்குக் காலையில் குழாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க.