இழுவையைக் கூட்டுவது காற்றா?

கத்தரிக்காயும் தக்காளியும் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் விளையும் வீரகேரளம்புதூர், சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வட்டாரத்திலிருந்து, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் இரவோடிரவாகச் சரக்குக் கொண்டு சேர்க்கும் பிக்கப் வண்டிகளை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தச் சிற்றாற்றுப் பிரதேசத்தில் அநேகம். அவ்வண்டிக்காரர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேதவாக்காக வழங்கிவருகிறது. கம்பெனி பொருத்தி அனுப்பிய ஏர் பில்டர் பெட்டியையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு, காற்று தாராளமாக உள்ளே போகவும் புகை தடையின்றி வெளியேறவும் வழிசெய்துவிட்டால், வண்டிக்கு இழுவை கூடும், டீசல் மிச்சமாகும், இன்ஜினுக்கும் ஆயுசு நீளும் என்பதே அது. “அண்ணாச்சி, காத்து நல்லா போச்சுன்னா மலையில வண்டி தானா ஏறும்” என்று ஒர்க்ஷாப்பில் சொல்லப்படும் வார்த்தையைக் கேட்டு, மாதத் தவணை கட்டவே திண்டாடுகிற மனிதர் கடன் வாங்கி இந்த மாற்றங்களைச் செய்துகொள்கிறார். சொல்கிறவர்களின் யோக்கியதையில் எனக்குச் சந்தேகமில்லை; அவர்களும் நம்பித்தான் சொல்கிறார்கள். நம்பிக்கை பிசகானது என்பதே என் வாதம்.

அதிகக் காற்று என்றால் அதிகச் சக்தி என்னும் முதல் வாதத்தின் பிறப்பிடம் பந்தய மைதானம். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறந்துகொள்வது காற்று வழியே; உட்புகும் காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோல் சேர்க்கப்படுவதால், அங்கே காற்றின் தாராளம் சக்தியின் தாராளமாக முடிவது உண்டு. டீசல் இன்ஜினின் தர்மம் வேறு. ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று போதும். டர்போ பொருத்திய லோடு வண்டியின் இன்ஜினோ, முழுச் சுமையோடு மேடேறும்போதுகூட அதைவிடக் கணிசமான காற்றை உறிஞ்சிக்கொண்டு, உபயோகப்படாத பிராணவாயுவைப் புகையோடு வெளியே தள்ளுகிறது. சக்தியை நிர்ணயிப்பது இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசலின் அளவு. அந்த அளவை நிர்ணயிப்பது வண்டியின் கம்ப்யூட்டர். உலையில் நீரை இரட்டிப்பாக்கினால் சோறு இரட்டிப்பாவதில்லை, அரிசியைக் கூட்ட வேண்டும். அரிசியின் அளவு மாறாதிருக்கையில், கூம்பு வடிவப் பில்டர் ஒன்றை வாங்கி மாட்டுவதனால் இழுவை எங்கிருந்து வரும்?

கம்ப்யூட்டரின் புரோகிராமையே மாற்றி டீசலைக் கூட்டிப் பீய்ச்சச் செய்தால் இழுவை கூடும் என்பது மெய்; அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் அப்போது கூடுவது இழுவை மட்டுமன்று. புகையின் உஷ்ணமும், கிளட்சின் மேலும் கியர்ப் பெட்டியின் மேலும் விழுகிற பாரமும் சேர்ந்தே கூடுகின்றன. சில விநாடிகள் சீறிப் பாய்ந்துவிட்டு ஓய்கிற காருக்கு அது பொறுக்கும். புளியரையிலிருந்து வளைவு வளைவாக, முழுச் சுமையோடு, தாழ்ந்த கியரில் இடைவிடாமல் ஏறும் வண்டிக்குப் பொறுக்குமா என்பதை வண்டிக்காரர்தாம் யோசிக்க வேண்டும்.

குளிர்ந்த காற்றின் விஷயத்திலும் பாதி உண்மையே பேசப்படுகிறது. காற்று குளிர்ந்தால் அதன் அடர்த்தி கூடும் என்பது பௌதிக சாஸ்திரம். 30 பாகை உஷ்ணத்திலுள்ள காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தியில் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துபோகும். கம்பெனிப் பெட்டி, முன்புறத்திலிருந்து வெளிக்காற்றை உறிஞ்சும்படி அமைக்கப்பட்டிருப்பது இக்காரணத்தாலேயே. அந்தப் பெட்டியை அகற்றிவிட்டு, பானெட்டுக்குள் மறைப்பின்றி மாட்டப்படும் பில்டரோ, இன்ஜினைச் சுற்றிக் கொதிக்கிற காற்றையே குடிக்கிறது. குளிர்காற்றை உத்தேசித்துச் செலவழித்தவருக்கு வெந்த காற்று கிடைக்கிறது.

இனி, நான் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதும் தூசிக்கு வருகிறேன். மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் இன்ஜின் 2523 சி.சி. கொள்ளளவு உடையது. அது நிமிஷத்துக்கு 2000 சுற்றுச் சுழலும்போது, டர்போ அமுக்கித் தரும் உபரியைக் கணக்கில் சேர்க்காமலே, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2500 லிட்டர், அதாவது மணிக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் காற்றை இழுக்கிறது. அது என்ன காற்று? கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த ஜில்லா நம்முடையது. மலையாள தேசத்துக்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளின் பின்னால் மைல் கணக்கில் ஊர்ந்து, தோட்டத்து மண்பாதையில் இறங்கிச் சரக்கேற்றி, ஆனி ஆடியில் மேல்காற்று வாரியிறைக்கும் செம்மண் புழுதியில் நனைந்தெழுகிற வண்டி குடிக்கும் காற்று அது. கல்தூசியில் மலிந்திருக்கும் படிகக்கல் சாதாரண எஃகையே கீறவல்ல கடினம் உடையது. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் இடையே படர்ந்திருக்கும் எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான் தடிப்பே. கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள் அந்த இடுக்கில் அகப்பட்டு அரைக்கும்போது, ரிங் தேய்ந்து, இன்ஜின் ஆயில் குறைந்து, நீலப்புகை கிளம்பி, உரிய காலத்துக்கு வெகு முன்னரே இன்ஜின் வேலைக்கு வண்டி வந்துவிடுகிறது.

கம்பெனிப் பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் காகிதம் இதைத் தடுப்பதற்கே இருக்கிறது. எண்ணெய் தடவிய பருத்தித் துணிப் பில்டர்கள் காற்றை எளிதாக விடுவதன் ரகசியம், பெரும்பாலும் அவற்றின் கண்கள் பெரிதாக இருப்பதுதான். காற்றுக்குத் திறந்த கதவு தூசிக்கும் திறந்தே இருக்கும். கழுவியபின் எண்ணெயைக் கை தாராளமாகத் தடவிவிட்டால், அது காற்றோடு சென்று காற்றளக்கும் சென்சாரின் மேல் படிந்து, கம்ப்யூட்டருக்குப் பொய்க்கணக்குச் சொல்லவும் வைக்கிறது. ஆயுசு நீளும் என்ற வாதம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

சைலன்சர் விஷயத்தில் இரு தரப்பாரும் மிகைப்படுத்துகிறார்கள். புகை வழியில் எதிரழுத்தம் இருந்தே தீரவேண்டும் என்று சொல்வோரை நான் ஆதரிக்கவில்லை. அழுத்தம் குறைவது இத்தகைய டீசல் இன்ஜினுக்குத் தீங்கன்று. ஆனால் டர்போ வண்டியில் புகை முதலில் மோதுவது டர்போவின் சக்கரத்தில். பெருந்தடை அங்கேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் சைலன்சரைக் குடைந்துவிடுவதால், டீசல் அளவு மாறாத இன்ஜினில், சுமையேற்றிய வண்டிக்காரர் உணரத்தக்க லாபம் ஏதுமில்லை. அவர் உணர்வது சப்தத்தை. சப்தம் பெருகும்போது சக்தி பெருகியதாக மனம் பிரமை கொள்வது மனித சுபாவம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் டி.பி.எப். என்னும் கரித்துகள் வடிகட்டியும் சேர்ந்திருக்கிறது. தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் இடையே மட்டும் மெதுவாக உலாவுகிற வண்டியில் இது அடைத்துக்கொண்டு விளக்கு எரிவதும், உடனே அதை வெட்டியெறிந்துவிடச் சொல்லும் யோசனை பிறப்பதும் வாடிக்கையாகிவிட்டன. சேர்ந்த கரியைச் சுமார் 600 பாகை உஷ்ணத்தில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்படி அமைந்த சாதனம் அது. அந்த உஷ்ணம் வருவதற்கு, நின்று நின்று போகாமல், சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் வண்டி ஓடவேண்டும், அவ்வளவே. மலையேறிக் கொல்லம் போய்வருகிற வண்டிக்கு அப்படி ஓடும் சந்தர்ப்பம் தாராளமாக உண்டு. வெட்டியெறிந்தால் அந்தக் கரி, வண்டியின் பின்னால் பள்ளிக்கூடம் நடந்துபோகும் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகிறது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

மைலேஜ் கூடியதை அனுபவத்தில் கண்டோம் என்கிறார்களே என்று கேட்கலாம். அனுபவத்தை மறுக்கவில்லை, காரணத்தை மறுக்கிறேன். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் மேல்காற்றின் பலத்தை, அதற்காகவே சுரண்டையைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் சொல்லும். சரக்கோடு மேற்கு நோக்கிப் போகும் வண்டி அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகிறது. ஆடிக் கடைசியில் பில்டரை மாற்றிவிட்டு, காற்று அடங்கிய புரட்டாசியில் கணக்குப் பார்ப்பவருக்கு மைலேஜ் கூடித்தான் தெரியும். அந்தப் பெருமை பில்டருக்குப் போய்விடுகிறது. அடைத்துப்போன பழைய பில்டரை எடுத்துவிட்டுப் புதிதை மாட்டியதால் வந்த சுறுசுறுப்பும் அப்படியே. கம்பெனிக் காகிதப் பில்டரைப் புதிதாக மாட்டியிருந்தாலும் அதே சுறுசுறுப்பு வந்திருக்கும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட பரிசோதனையில், கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள புதிய பெட்ரோல் கார்களில் அடைத்த பில்டர் வேகமெடுப்பதைக் குறைத்ததேயன்றி, எரிபொருள் செலவைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை என்று கண்டார்கள். அடைப்பே செலவைக் கூட்டாதபோது, அடைப்பில்லாத பில்டரை மேலும் திறப்பதால் செலவு குறையும் என்பது எப்படிப் பொருந்தும்?

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வியாக்கியானம் செய்து, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரி 9-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனது. சப்தம், புகை பற்றிய விதிகளை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பொழுது விடியுமுன் மார்க்கெட் சேரவேண்டிய காய்கறியோடு வழியில் நிறுத்தப்படும் நஷ்டம் அதற்கு மேல்.

வண்டி உண்மையாகவே இழுக்கவில்லை என்றால் பரிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. பில்டர் வாங்குவதானால் கம்பெனிக் காகிதப் பில்டரையோ அதற்குச் சமமான தரமுள்ளதையோ வாங்கி, குவாரி ரோட்டில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன தவணைக்கு முன்பாகவே மாற்றவேண்டும். கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடித்துக் காகிதத்தைக் கிழித்துவிடக் கூடாது. பெட்டி மூடியின் கிளிப்பும் ரப்பர் விளிம்பும் இறுக்கமாகப் பொருந்துகின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். குற்றாலச் சாரலில் நனைந்து நனைந்து சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்திருந்தால், அதே அளவுள்ளதை மாட்டிக்கொள்வதே முறை. துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம், அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்பதையும் பார்த்துவிடவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்க்கட்டும். மேட்டில் விசில் சப்தமும் கரும்புகையும் வந்து வண்டி திணறுமானால், அந்த ஹோஸில் வெடிப்போ, அதன் கிளிப்பில் தளர்ச்சியோ இருக்க இடமுண்டு. அமுக்கிய காற்று அங்கேயே கசிந்துபோய்க்கொண்டிருக்கும்.