இடமாற்றமா, மொழிமாற்றமா?

"நாடு முழுவதும் ஒன்றே, எவரும் எங்கும் சென்று வாழலாம், இதில் மொழி கெடுவது எங்ஙனம்?" என்று கேட்பதைச் சிலர் பெரிய அறிவுடைமையாகக் கருதி வருகின்றனர். மேடையேறினால் புறநானூற்றின் 192ஆம் பாட்டைத் துணைக்கழைத்துக் கொள்வதும் அவர்கட்கு வழக்கமாகிவிட்டது. கணியன் பூங்குன்றனார் எல்லா ஊரையும் தம் ஊராகக் கொண்டார் என்பது மெய். அவ்வாறு கொண்டதைத் தமிழிற்றான் பாடினார் என்பதும், அடுத்த ஊர்க்குப் போனவுடன் தம் மொழியைக் கழற்றி மூலையில் வைத்துவிடுமாறு அவர் எவர்க்கும் கூறினாரல்லர் என்பதும் அதே அளவு மெய். அயலூரை அன்போடு நோக்குவது வேறு. அயலூர் புகுந்தவன் தன்னையே இழப்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிப் பேசுவோர், இடமாற்ற ஆணையைக் கையிற் பெற்ற நாற்பத்தாறு அகவைத் தமிழர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் ஒருநாள் அமர்ந்து பார்த்தல் வேண்டும்.

இருபது அகவையில் ஊர்விட்டுப் போகும் இளைஞனுக்குச் சுமை ஒரு பெட்டி, அவ்வளவே. நாற்பத்தைந்தைக் கடந்தவர்க்கோ பாதி கட்டிய வீடு. அவ்வீட்டின்மேல் வாங்கிய கடன். பத்தாம் வகுப்பில் ஒரு மகள், நான்காம் வகுப்பில் ஒரு மகன். தன் மருத்துவர் இருக்கும் தெருவைவிட்டு நகர மறுக்கும் முதிய தாய். அஞ்சல் துறையிலோ வருமான வரித் துறையிலோ கால் நூற்றாண்டு உழைத்து ஒரு படி மேலே ஏறும் வேளையிற்றான், 'பணியுயர்வு. போபாலுக்குப் போ' என்று தாள் வருகின்றது. ஏறினால் ஊர் போகும். ஊர் வேண்டுமாயின் ஏற்றம் போகும். உயர்வே வேண்டா என எழுதிக் கொடுத்துவிட்டு, ஓய்வுபெறும் நாள்வரை பழைய நாற்காலியிலேயே அமர்ந்துவிடும் தமிழர் பலர் உளர். தம்மினும் இளையோர் தமக்கு மேலே அமர்ந்து ஆணையிடுவதை அவர்கள் பொறுத்துக் கொள்கின்றனர். அவர்களை ஊக்கமிலார் என எள்ளுவது எளிது. அந்த இழப்பைத் திங்கள்தோறும் சம்பளத்திற் கணக்கிட்டுப் பார்த்தவர் எள்ளமாட்டார்.

வைப்பகங்களிலும் இதே நிலைதான். 1969இல் 14 வைப்பகங்களும் 1980இல் மேலும் 6 வைப்பகங்களும் நாட்டுடைமையாயின. எழுத்தராய் இருக்கும்வரை அண்மையில் இருந்தவர், அலுவலராய் உயர்ந்தவுடன் நாட்டின் எம்மூலைக்கும் அனுப்பப்படத் தக்கவராகின்றார். 1907இல் சென்னையில் தோன்றிய இந்தியன் வங்கியோடு 2020 ஏப்பிரல் 1ஆம் நாள் அலகாபாத் வங்கி இணைக்கப்பட்டது. தலைமையிடம் சென்னையே, கிளைகளோ கங்கைச் சமவெளியெங்கும் பெருகின. கணக்கேட்டில் இஃது ஓர் இணைப்பு. குடும்பங்களுக்கோ, தந்தையின் அடுத்த ஊர் எதுவாகவும் இருக்கலாம் என்பதன் அறிவிப்பு.

போகட்டும், பணியென்றால் சில துன்பங்கள் உண்டு எனலாம். பனியையும் வெயிலையும் பொறுக்கலாம். கோதுமையை உண்ணப் பழகலாம். வாடகையைக் கூட எப்படியோ ஈடுசெய்யலாம். இவற்றையெல்லாம் பெரிதாக்கிப் பேசவேண்டுவதில்லை. ஆனால், நான்காம் வகுப்பில் இருந்த அந்தச் சிறுவனை எங்கே சேர்ப்பது?

நடுவணரசு ஊழியர் இடம்மாறுங்கால் அவர்தம் பிள்ளைகளின் படிப்பு இடையறாதிருத்தல் வேண்டும் என்னும் நோக்கோடு 1963இல் தொடங்கப் பெற்றவை கேந்திரிய வித்யாலயா எனும் நடுவணரசுப் பள்ளிகள். நோக்கம் நன்று. ஆனால் பயிற்றுமொழி யாது? இந்தியும் ஆங்கிலமும். தமிழ்நாட்டின் உள்ளேயே அமைந்துள்ள இப்பள்ளிகளிற் கூடத் தமிழ் கட்டாயப் பாடமன்று எனின், போபாலிலும் நாகபுரியிலும் தமிழுக்கு என்ன இடம் இருக்கும்? ஆக, தந்தை எத்துணை முறை மாற்றப்பட்டாலும் மகனின் கணக்குப் பாடம் அறுபடாது. அறிவியற் பாடம் அறுபடாது. இந்திப் பாடம் அறவே அறுபடாது. அறுபடுவது தாய்மொழி ஒன்றே. அலுவலகக் கோப்புகளில் இதற்குத் 'தொடர்ச்சி' என்று பெயர்!

பெரியவர்க்கு நேர்வது இன்னொரு வகை. 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகளை எடுத்து அதன் முதற்பகுதியை மட்டும் படித்தாலே போதும். இவ்விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் செல்லும் என்று அதில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. ஒரே ஒரு மாநிலத்துக்கு அவ்விலக்கு. 1965ஆம் ஆண்டின் மொழிப்போரும், அதில் வீழ்ந்தோர் நினைவுமன்றி இவ்விலக்குக்கு வேறு கரணியம் உண்டோ? ஆனால் அவ்விலக்கு மண்ணுக்கே உரியது; மாந்தனோடு கூடப் போவதன்று. சென்னை அலுவலகத்தில் இருந்தவரை அவ்விதிகள் எட்டாதிருந்த அதே ஊழியர், தொடர்வண்டியில் ஓரிரவு சென்று மறுகரையில் இறங்கியதும் அவற்றின்கீழ் வந்துவிடுகின்றார். மாநிலங்களை க, ங, ச என்பது போல மூவகையாய்ப் பிரித்துள்ள அவ்விதிகளின்படி, முதல் வகை மாநிலங்களுக்கு நடுவணரசு அலுவலகங்கள் எழுதும் மடல், விலக்கான நிலைகள் தவிர, இந்தியிலேயே இருத்தல் வேண்டும். அம்முதல் வகையில் தில்லியும் பீகாரும் இராசத்தானும் மட்டுமல்ல, இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாதாரே பெரும்பான்மையராய் வாழும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளும் அடக்கம். கடல் கடந்தும் அதே ஓலைதான்.

இங்கே ஒரு பழைய ஆணையை நினைவூட்டல் தகும். 1960 ஏப்பிரல் 27ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையில், நடுவணரசு ஊழியர்க்கு இந்திப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. எவர்க்கு? 1961 சனவரி 1ஆம் நாள் 45 அகவைக்குக் குறைந்தோர்க்கு. அதற்கு மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். நாற்பத்தைந்துக்குப்பின் ஒருவன் தலையில் புதுமொழியைக் கட்டாயமாய் ஏற்றுதல் முறையன்று என்பதை ஆணையிட்டோரே ஒப்புக்கொண்ட சான்று இது. மொழிப் பயிற்சிக்கே ஓர் அகவை வரம்பு உண்டெனின், குடும்பத்தையே வேரோடு பெயர்த்து வேற்றுமொழி நிலத்தில் நடுவதற்கு அத்தகைய வரம்பு ஏன் இல்லை? பணிவிதிகளை எழுதுவோர் விடை கூறக் கடமைப்பட்டவர்.

"நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்க அரசியலமைப்பு உரிமை வழங்கியுள்ளதே" என்று உறுப்பு 19ஐக் காட்டுவோர், அதே சுவடியில் சில ஏடுகள் தள்ளி உறுப்பு 350அ இருப்பதையும் காட்டுதல் வேண்டும். 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்டது அது. மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய ஏந்துகளை ஒவ்வொரு மாநிலமும் செய்ய முயலவேண்டும் என்பது அதன் கருத்து. எழுதிய மை காய்ந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. 19ஆம் உறுப்பைக் கொண்டு தமிழனை வடக்கே அனுப்ப அறிந்தவர்க்கு, 350அ உறுப்பைக் கொண்டு ஒரு தமிழாசிரியரை அனுப்ப மட்டும் தெரியவில்லை!

தில்லியில் தமிழ்க் கல்வி நிற்பது அரசின் அருளாலன்று. 1923இல், சிம்லாவுக்கும் தில்லிக்குமாக அலுவலகத்தோடு அலைந்த தென்னாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகட்கெனத் தொடங்கப்பட்ட முயற்சி, பின்னர்த் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாய் வளர்ந்து ஏழு பள்ளிகளை நிறுவியது. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் எழுந்தது. இவையெல்லாம், போன இடத்தில் மொழியை இழக்க ஒப்பாத நடுத்தரக் குடும்பத்தினர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டியவை.

இனி, பழியனைத்தையும் தில்லியின் மேலேயே போட்டுவிட்டுத் தமிழர் கைகழுவிக் கொள்ளலாமா? ஆகாது. இடம்மாறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மொழியைக் கொன்றது இந்தியன்று. வீட்டுக்குள்ளேயே வாழும் ஆங்கிலப் பித்து. அத்தை, சித்தி, பெரியம்மை, மாமி என நான்கு உறவுக்கு நான்கு சொல் வைத்திருந்த குடும்பத்தில், ஈராண்டில் அனைவரும் 'ஆன்ட்டி' ஆகிவிடுகின்றனர். தாய் தமிழிற் கேட்கின்றாள். மகன் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடையிறுக்கின்றான். அதனைத் திருத்தாமல் தாய் பெருமையோடு சிரிக்கின்றாள். கோடை விடுமுறைக்கு ஊர் வந்தால், பாட்டி சொல்வது பேரனுக்கு விளங்கும். பேரன் சொல்வது பாட்டிக்கு விளங்காது. அடுத்த தலைமுறையில் அந்த ஒருபக்க விளக்கமும் இல்லை. ஐம்பது அகவைத் தந்தைக்குத் தம் தமிழ் ஒருகாலும் போகாது. அவர் எங்கிருந்தாலும் தமிழில் எண்ணுவார், தமிழில் சினப்பார். அதனாற்றான் வீட்டில் தமிழ் உயிரோடிருப்பதாக அவர் ஏமாந்து போகின்றார். தம்மோடு அது முடியப் போவதை அவர் காண்பதில்லை.

போன ஊரின் மொழியைக் கற்கவே கூடாதா எனின், கற்றே தீரல் வேண்டும். பெங்களூர் போனவர் கன்னடமும், புனே போனவர் மராத்தியும் கற்பது அம்மக்கட்குச் செய்யும் மதிப்பு. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கருநாடகத்தில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கூறினோர் ஏறத்தாழ 21 இலக்கம் பேர். அவர்கள் கன்னடத்தை விட்டு இந்தியைக் கற்றுப் பெங்களூர்த் தெருவில் பேசினால் அதைவிடப் பேதைமை வேறில்லை. அந்நகரத்து மெட்ரோ நிலையங்களின் இந்திப் பெயர்ப் பலகைகளைக் கன்னடரே 2017இல் எதிர்த்து நீக்கச் செய்தனர். காவிரியின் பெயரால் 1991 திசம்பரில் அங்குத் தமிழர் தாக்கப்பட்ட கொடுமை மறக்கத் தக்கதன்று. அதே 1991 முதல் அல்சூரில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகத்து 9ஆம் நாள் திறக்கப்பட்டதையும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் பாவலர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் உடன் நினைத்தல் வேண்டும். இரு மொழிகள் நேர்நின்று ஒன்றையொன்று மதித்தன. இடையே இந்தி தூது போகவில்லை. பீகாரினின்று திருப்பூர்க்கு வரும் நடு அகவைத் தொழிலாளியிடமும் தமிழர் எதிர்பார்க்க வேண்டுவது இதுவே: அவன் வீட்டில் மைதிலியோ போச்புரியோ இருக்கட்டும்; கடைத்தெருவில் தமிழ் பேசட்டும்; அவன் பிள்ளைக்குத் தமிழ் கற்பிப்பது தமிழ்நாட்டின் கடன்.

படித்த அலுவலர் இழந்த மொழியைப் படியாத உழைப்பாளி காத்தான் என்பதற்குத் தில்லியிலேயே சான்றுண்டு. சங்குபுரா அருகே, பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராசி முகாம்' என்றொரு குடியிருப்பு இருந்தது. பெயரே வடவர் வாயின் எள்ளல். அங்கிருந்தோர் பெரும்பாலும் தமிழ்நாட்டினின்று பிழைக்கப் போன ஏழையர்; வீட்டு வேலையும் கூலி வேலையும் அவர்தம் பிழைப்பு. பல பத்தாண்டுகள் அங்கே தமிழ் தெருமொழியாய் இருந்தது. பிள்ளைகள் பலர் அண்மையிலிருந்த லோதி எசுடேட்டுத் தமிழ்ப் பள்ளிக்குப் போய் வந்தனர். வடிகாலைத் தூர்வாரும் பொருட்டு அக்குடியிருப்பை அகற்றத் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட, 2025 சூன் 1ஆம் நாள் ஏறத்தாழ 370 குடிசைகள் இடிபொறிகளால் தரைமட்டமாயின. ஒரு பகுதியினர்க்கு மட்டும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. எஞ்சியோர்க்குத் தகுதியில்லை எனக் கூறப்பட்டது. வெறுங்கையோடு வந்து வடிகாற்கரையில் வாழ்வமைத்தவர், முடி நரைத்தபின் இரண்டாம் முறை பெயர்க்கப்பட்டனர்.

திரும்பி வர விரும்புவோர்க்கு உதவுவதாகத் தமிழ்நாட்டரசு அப்போது அறிவித்தது. வரவேற்கத் தக்கதே. ஆயினும் ஐம்பது அகவையில், பிழைப்பும் பிள்ளைகளும் தில்லியில் இருக்க, எத்தனை பேர் திரும்ப இயலும்? தங்கிவிட்டோர்க்கு வேண்டுவது பயணச் சீட்டன்று. அவர்தம் பிள்ளைகள் புதிதாய்க் குடியேறிய இடத்தில் ஒரு தமிழாசிரியர், ஓர் அறை, நாள்தோறும் ஒரு மணி நேரம். பாடநூலுக்குக் குறைவில்லை, தமிழ்நாட்டரசின் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன, புறநாட்டுத் தமிழர்க்கெனவே 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகமும் இருக்கின்றது. ஆளனுப்புதல் ஒன்றே குறை. தில்லித் தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றேனும் நரேலாவில் இல்லை.