கண்ணாடிக் குளம்

வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி வைத்து மகிழ்வோர் இந்நாளில் பலர். பசுந்தழைகள் நீரில் அசைய, அவற்றினூடே சிறுமீன்கள் திரியும் காட்சி கண்ணுக்கு இனிய விருந்தாகும். ஆயினும், வாங்கிய சில திங்களுக்குள் அத்தொட்டி பரணுக்கு ஏறிவிடுதலும் உண்டு. மீன்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. குழந்தைகள் கண் கலங்குகின்றனர். தொட்டியைத் தூய்மை செய்யாமையே காரணம் என்று கூறுவர். பல வீடுகளில் உண்மை அதற்கு நேர்மாறானது. அளவு கடந்த தூய்மையே மீன்களுக்குக் கூற்றாயிற்று. ஞாயிறுதோறும் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவியவர், திங்களன்று மீன் மிதத்தல் கண்டு வியப்பதில் பயன் என்ன?

மீன் தன் செவுள்களின் வழியே அமோனியா என்னும் நஞ்சினை ஓயாது வெளிவிடுகின்றது. உண்ணாது எஞ்சிய இரை அழுகுதலாலும் அந்நஞ்சு பெருகும். பளிங்குபோல் தெளிந்த நீரிலும் அது கரந்து உறையும். நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ அத்துணைக் கொடியதன்று, செடிக்கு உணவுமாகும். உருசிய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் இந்நுண்ணுயிர்களைப் பிரித்து ஆராய்ந்தார். இவ்விரு தொழிலையும் தனித்தே செய்யவல்ல நுண்ணுயிரும் உண்டு என்பது 2015-இல் வெளியாயிற்று. ஆதலின், வடிகட்டி என்பது அழுக்கைப் பிடிக்கும் சல்லடை மட்டுமன்று. இவ்வுயிர்கள் குடியிருக்கும் ஊருமாகும். அவ்வூர் நிறைய நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அதனைக் குழாய் நீரில் அலசுவோர், அந்நீரிற் கலந்த குளோரினால் குடிகளை ஒருங்கே மாய்த்துவிடுகின்றனர்.

செடியின் துணையை முதலில் செவ்வனே ஆராய்ந்தவருள் ஒருவர் இலண்டன் நகரத்து வேதியியலார் இராபர்ட்டு வாரிங்டன். அவர் 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு பொன்மீன்களை விட்டு, நாடா போன்ற இலையுடைய வாலிஸ்நேரியாச் செடியையும் நட்டார். செடி மீனுக்கு உயிர்வளி தந்தது. ஆனால், மூத்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. அவர் நீரை மாற்றினாரா? இல்லை, நத்தைகளை விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் அவர் இதனை அறிஞர் அவைக்கு அறிவித்தார். அவர் கலத்தில் பொறி ஒன்றும் இருந்ததில்லை.

எனவே, வடிகட்டி அமைக்கப் புகுவோர் கடையில் தொடங்காது, தொட்டியில் தொடங்குதல் வேண்டும். செடி மிகுதியாகவும், மீன் குறைவாகவும், இரை அளவாகவும் இருப்பின், காற்றால் இயங்கும் நுரைப்பஞ்சு வடிகட்டி ஒன்றே போதும். காற்றுப் பம்பு ஊதும் குமிழிகள் நிமிர்ந்த குழாயினுள் எழுங்கால் நீரையும் உடன் ஈர்க்கும். அந்நீர் பஞ்சின் துளைகளின் வழியே வந்தாதல் வேண்டும். அமைப்பு இவ்வளவே. இதன் நீரோட்டம் மெல்லியது, செடியை அலைக்காது. இரவில் செடியும் உயிர்வளியைக் கொள்ளுமாதலின், குமிழியால் நீர்ப்பரப்பு அசைதல் மீனுக்கு நன்று. மூடிய பெட்டி வடிகட்டியில், மின்சாரம் நெடுநேரம் நின்றால் நுண்ணுயிர்கள் மூச்சின்றி மடியும். திறந்த பஞ்சில் அவ்விடர் குறைவு. பம்பினை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வைத்தல் வேண்டும். இல்லையேல், மின்சாரம் நின்றபோது நீர் குழாய்வழி இறங்கிப் பம்பினுட் புகும்.

பெரிய பொறியே சிறந்தது என்னும் வணிகர் உரை முற்றும் பொய்யன்று. பெருமீன்களை மிகுதியாக வளர்ப்போர்க்கு அது வேண்டும். செடி தழைக்கக் கரியமிலவாயுவை நீரிற் செலுத்துவோர்க்கும் குமிழி வடிகட்டி ஏற்றதன்று. செலுத்திய வாயுவை அக்குமிழி வெளியேற்றிவிடும். சிறு தொட்டியில் நான்கைந்து சிறுமீன் வளர்க்கும் இல்லத்தார்க்கு இவை எதற்கு?

நீரோட்டம் தளரும்போது, தொட்டியில் எடுத்த நீரை வாளியில் ஊற்றி, அதிலேயே பஞ்சினை இரண்டு மூன்று முறை பிழிந்து, மீண்டும் இட்டுவிடலாம். பழுப்பு நிறமாய் வாளியில் எஞ்சும் நீரைச் சாக்கடையில் கொட்டுதல் வேண்டா. முற்றத்துத் துளசியின் வேரில் ஊற்றலாம்.